டெப் வாங்குமுன்: நடுத்தரமா, உயர்தரமா?

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



காரியதரிசி அவர்கள் என்னிடம் வந்து, "ஐயா, கூட்டத்தில் ஒரு இருபது நிமிடம் பேசவேண்டும்" என்று கேட்டபோது, சமய சம்பந்தமான ஒரு விஷயமாக இருக்கும் என்றே எண்ணினேன். "டெப்பைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். சிறிது திகைத்துத்தான் போனேன். ஆயினும் யோசித்துப் பார்த்தபோது, இன்று நம் சங்கத்தவரிடையே உண்மையாகவே அபிப்பிராய பேதம் உள்ள விஷயம் இதுதான் என்பதை உணர்ந்து ஒப்புக்கொண்டேன்.

நமது வாசிகசாலைக்கென்று அன்பர்கள் மனமுவந்து அளித்த ஒரு தொகை தனாதிகாரியிடம் இருக்கின்றது. அதைக்கொண்டு உயர்தரமான டெப் ஒன்றை வாங்குவதா, நடுத்தரமான டெப் இரண்டை வாங்குவதா என்பது கேள்வி. "வாங்குவதென்றால் நல்லதாக ஒன்றை வாங்குவோம், சங்கத்துக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?" என்கின்றனர் ஒரு சாரார். "ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை பிள்ளைகளும் என்ன செய்வது?" என்கின்றனர் மறு சாரார். இதே கேள்விதான் உங்களிற் பலருடைய வீடுகளிலும் இராச்சாப்பாட்டு வேளையில் எழுகின்றது. ஆகையால் நான் சொல்லப்போவது சங்கத்துக்கு மாத்திரமன்று, வீட்டுக்கும் பொருந்தும்.

திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை என்ற அதிகாரத்தை அடுத்து வலியறிதல் என்ற அதிகாரம் வருகின்றது. முதலில் செய்யவேண்டிய காரியம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். அதன்பின் நமது வலிமை எவ்வளவென்று அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருளை வாங்குவதற்கும் இதைவிடச் சிறந்த முறை வேறில்லை. நாமோ பெரும்பாலும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, கடைக் கண்ணாடிக்குள் மினுங்குவதைப் பார்த்தே முடிவு செய்கின்றோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அப்பிள் கொம்பனி தனது முதலாவது ஐபாட்டை 2010ஆம் ஆண்டு ஏப்ரிலில் விற்பனைக்கு விட்டது. அப்போது தேர்ந்தெடுக்க அதிகம் இருக்கவில்லை. 2015இல் அதே கொம்பனி 'புறோ' என்ற உயர்தர வகையைக் கொண்டுவந்தது. இப்பொழுதோ ஒவ்வொரு கொம்பனியும் இரண்டு மூன்று தரங்களை விற்கின்றது. குழப்பம் தொடங்கியதும் அங்கேதான்.

உதாரணத்துக்கு, சம்சுங் கொம்பனி 2023ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டு டெப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கலக்சி டெப் எஸ்9. மற்றது டெப் எஸ்9 எப்.ஈ. அமெரிக்காவில் முன்னதன் அறிமுக விலை ஏறத்தாழ 800 டொலர். பின்னதன் விலை ஏறத்தாழ 450 டொலர். திரையின் அளவு முன்னதற்கு 11 அங்குலம், பின்னதற்கு 10.9 அங்குலம். இரண்டுக்கும் எழுதும் பேனை பெட்டிக்குள்ளேயே வருகின்றது. இரண்டும் நீரும் தூசும் புகாதவாறு ஒரே தரத்தில் அமைக்கப்பட்டவை. இரண்டிலும் ஞாபக அட்டை செருகலாம். பற்றறியின் கொள்ளளவு ஒன்றில் 8400, மற்றதில் 8000 மில்லி அம்பியர் மணி. பாரத்தில் 25 கிறாம் வித்தியாசம்.

அப்படியானால் மிச்சம் 350 டொலர் எங்கே போகின்றது? பெரும்பகுதி இரண்டு இடங்களுக்குப் போகின்றது: ஒன்று திரை, மற்றது உள்ளே இருக்கும் செயலி.

உயர்தரத்தின் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி அணைந்துவிடும். ஆகையால் கறுப்பு உண்மையான கறுப்பாகவே தோன்றும், நிறங்கள் துலங்கும். நடுத்தரத்தின் திரைக்குப் பின்னால் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதனால் கறுப்பு சற்றே சாம்பல் நிறமாகத் தெரியும். உயர்தரத் திரை செக்கனுக்கு 120 தடவை வரையும் படத்தைப் புதுப்பிக்கும். நடுத்தரத் திரை 90 தடவை வரையும் புதுப்பிக்கும். விரலால் தள்ளும்போது இந்த வித்தியாசம் தெரியும். ஆனால், அசையாமல் நிற்கும் ஒரு புத்தகப் பக்கத்தை வாசிக்கும்போது அது எந்த உதவியும் செய்வதில்லை. செயலியைப் பொறுத்தவரை, வீடியோப் படங்களை வெட்டி ஒட்டுவோருக்கும், கனமான விளையாட்டுகளை விளையாடுவோருக்கும் உயர்தரத்தின் வேகம் பெரும் நன்மை. பல நூறு பக்கங்கள் கொண்ட பழைய நூலின் படப்பிரதியைப் புரட்டும்போது நடுத்தரம் ஒரு கணம் தயங்கும். உயர்தரம் அவ்வளவு தயங்காது. அந்த ஒரு கணத்தின் விலையைத்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி, காரியத்தைப் பார்ப்போம். நமது வாசிகசாலையில் டெப்பினால் ஆகவேண்டியது என்ன? க.பொ.த. வகுப்புப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைப் பார்க்க வேண்டும். பாட வீடியோக்களைக் கேட்க வேண்டும். குறிப்பு எழுத வேண்டும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் மலர்களும் படப்பிரதிகளாகக் கிடக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் எழுத்துருவில் உள்ளன. பெரியோர்கள் தேவாரத்தைப் பெரிய எழுத்தில் வைத்துப் படிக்கலாம். இவற்றில் எதற்காவது உயர்தரம் இன்றியமையாததா? நான் நேர்மையாக யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

கண்பார்வை குறைந்தவர்களுக்கு உயர்தரந்தான் நல்லதென்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருக்குத் தேவை பெரிய திரை. பெரிய திரை வேறு, உயர்தரம் வேறு. மேற்சொன்ன நடுத்தர வகையிலேயே 12.4 அங்குலத் திரையுடைய எப்.ஈ. பிளஸ் என்றொரு டெப் 2023இல் ஏறத்தாழ 600 டொலருக்கு வந்தது. 11 அங்குல உயர்தரத்தை விடப் பெரியது, விலையோ குறைவு.

அடுத்தது வலியறிதல். இங்கே ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அதைச் சொல்லாமல் இருப்பது எளிது. ஆனால் சொல்லாவிட்டால் நான் இங்கே நின்று பேசுவதில் நியாயமில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகன் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தான். எந்த டெப் வாங்கலாம் என்று கேட்டார். எனக்கு இந்த விஷயங்கள் தெரியும் என்ற பெருமையினால், அவன் அதைக்கொண்டு என்ன செய்வான் என்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் என்ன இருக்கின்றது என்றும் எண்ணவில்லை. "வாங்கினால் நல்லதாக வாங்குங்கோ அம்மா, நெடுநாள் பாவிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தமது கழுத்துச் சங்கிலியை அடகுவைத்து வாங்கினார். பையன் குழப்படி செய்யவில்லை. அதிலே வினாத்தாள் பார்த்தான், வீடியோப் பாடம் கேட்டான், குறிப்பு எழுதினான். பக்கத்து வீட்டுப் பையனும் பாதி விலை டெப்பிலே அதையேதான் செய்தான். வித்தியாசம் ஒன்றுதான்: ஒரு வீட்டில் வட்டி ஓடியது, மற்ற வீட்டில் ஓடவில்லை. அந்தச் சங்கிலி மீட்கப்பட்டதா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

டொலர் விலையைக் கேட்கும்போது நமக்கு அது ஒரு வெறும் எண். ரூபாவாக மாறும்போதுதான் அதன் பாரம் தெரியும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 800 டொலர்ப் பொருள் ஒன்று இரண்டே மாதத்தில் 160,000 ரூபாவிலிருந்து 288,000 ரூபாவானது. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 18ஆக உயர்ந்தது. நான் சொன்ன அமெரிக்க விலைகளில் நமது நாட்டு வரியோ, ஏற்றுமதி இறக்குமதிச் செலவோ, வியாபாரியின் இலாபமோ சேரவில்லை. விலை உயர உயர வரியும் கூடவே உயரும் என்பதை மறக்கக்கூடாது.

"விலை கூடியது நெடுநாள் உழைக்கும்" என்பது இன்னுமொரு வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. எந்த டெப்பிலும் இருப்பது லிதியம் பற்றறிதான். மின்னேற்ற மின்னேற்ற அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். விலையைப் பார்த்து அது மரியாதை காட்டுவதில்லை. மென்பொருள் விஷயத்திலும் அப்படியே. 2020இல் வந்த சாதாரண ஐபாட்டுக்கு 2025இல் வெளியான புதிய மென்பொருளும் கிடைத்தது. 2015இல் உயர்ந்த விலைக்கு வந்த முதலாவது ஐபாட் புறோவுக்கு 2023இல் வெளியான மென்பொருள் கிடைக்கவில்லை. ஆகவே ஆயுளை அறிய வேண்டுமானால் விலையை மாத்திரம் பார்த்தாற் போதாது. அது வெளிவந்த வருடத்தையும், எத்தனை வருடத்துக்குப் புதுப்பிப்புத் தருவதாகக் கொம்பனி வாக்களித்துள்ளது என்பதையும் கேட்க வேண்டும்.

இப்படியெல்லாம் சொல்வதால் உயர்தரத்தை நான் இகழ்கின்றேன் என்று கொள்ளவேண்டாம். சித்திரம் வரைவதையோ, வீடியோ தயாரிப்பதையோ தொழிலாகக் கொண்ட ஒரு வாலிபனுக்கு அது ஆடம்பரமன்று, ஆயுதம். தச்சனிடம் மலிவான உளியை வாங்கு என்று யாரும் சொல்வதில்லை. சாதாரண ஐபாட்டை வாங்கிச் சித்திரம் வரைய எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025இல் 349 டொலருக்கு அறிமுகமான ஐபாட்டில், உயர்ந்த வகையான பென்சில் புறோ வேலை செய்யாது. அதற்குப் பொருந்தும் யூ.எஸ்.பி.-சி பென்சிலுக்குக் கையின் அழுத்தத்தை உணரும் ஆற்றல் இல்லை. குறிப்பெழுத அது போதும். மெல்லிய கோடும் தடித்த கோடுமாக வரையப் போதாது.

மறுபுறத்தில், நான் நடுத்தரம் என்றேன். கடைத்தரம் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாத மிக மலிவான டெப்புகள் வாங்கிய மாதத்தில் நன்றாக இருக்கும். பின்பு ஒரு பக்கத்தைத் திறக்கவே பிள்ளையின் பொறுமை போய்விடும். வாங்குமுன் நாலு கேள்வி கேளுங்கள். வேலை செய்யும் ஞாபகம் 6 கிகாபைற்றாவது உண்டா? சேமிப்பிடம் 128 கிகாபைற் உண்டா? பேனையும் மின்னேற்றியும் பெட்டிக்குள் வருமா, அல்லது தனியாக வாங்க வேண்டுமா? பழுதானால் உத்தரவாதத்தை யார் பொறுப்பேற்பார்? சிம் போடும் வகையானால் அதன் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் அது பதிவாகியுள்ளதா என்று பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள். வீட்டில் வைபை இருந்தால் சிம் இல்லாத வகையே போதும். அது விலையும் குறைவு.

இனி நமது சங்கத்தின் கேள்விக்கு வருகின்றேன். இரண்டு நடுத்தர டெப்புகளுக்கு ஆகும் பணமும் ஓர் உயர்தர டெப்புக்கு ஆகும் பணமும் ஏறத்தாழச் சமம். நான் எடுத்த உதாரணத்தில் 900 டொலருக்கு 800. அப்பிளில், 2025இன் சாதாரண ஐபாட் இரண்டுக்கு 698 டொலர், 2024இன் ஐபாட் புறோ ஒன்றுக்கு 999. கணக்கு இரண்டு பக்கமும் சாயும். ஆகையால் பணத்தை விட்டுவிட்டுப் பாவனையைப் பார்ப்போம்.

உயர்தரமான ஒன்றை வாங்கினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது அலுமாரிக்குள் போகும். திறப்பு தனாதிகாரியிடம் இருக்கும். விழாவுக்கு விருந்தினர் வரும்போது வெளியே வரும். நமது சங்கத்தின் விலையுயர்ந்த ஒலிவாங்கி உறை கழற்றாமலே பழுதாய்ப் போனதை இங்கே பலர் அறிவீர்கள். விழுந்து உடைந்துவிடும் என்ற பயம் உள்ள பொருளை யாரும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையிற் கொடுப்பதில்லை. பிள்ளையின் கைக்குப் போகாத பொருள் வாசிகசாலைக்கு எதற்கு?

நடுத்தரமான இரண்டை வாங்குங்கள். கெட்டியான உறை போடுங்கள். ஒன்றைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கென்றும், மற்றதை எழுத்தைப் பெருப்பித்துப் பெரியோர்களுக்கென்றும் வையுங்கள். யார் எப்போது எடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த வருடம் அந்தக் கொப்பி நிறைந்திருந்தால் நமது சங்கத்துக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை.

வாலிபர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலே டெப் கேட்குமுன், இதைக்கொண்டு நான் என்ன செய்யப்போகின்றேன் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எழுதித் தந்ததைப் படித்துப் பார்த்து, அந்தக் காரியத்துக்கு எது போதுமோ அதை மனங்கோணாமல் வாங்கிக் கொடுங்கள். விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும். உங்கள் கழுத்தில் உள்ளதும் காதில் உள்ளதும் அங்கேயே இருக்கட்டும்.