சீமெந்து முற்றமும் சோலை வளவும்



மாரி மழை பெய்யும் வேளையில் யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றிலே நின்று பாருங்கள். பல வீடுகளின் படலையடியால் மழைநீர் வீதிக்குப் பாய்வதைக் காண்பீர்கள். முற்றம் முழுவதும் சீமெந்து பூசப்பட்டிருப்பதே காரணம். சேறு படாது, கூட்டும் வேலை குறையும் என்று எண்ணியே அவ்வாறு செய்கிறோம். பிள்ளைகள் தூரதேசத்திலிருக்க, முதியோர் தனித்து வாழும் வீட்டிலே அந்த எண்ணத்தைக் குறைகூறவும் இயலாது. ஆயினும், அதற்காக நாம் இழப்பது யாது?

100 சதுர மீற்றர் முற்றத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 5,000 லீற்றர். குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் ஊறித் தேங்கும் மழைநீரே நமது கிணற்று நீர். அது குறையுமிடத்துக் கடலின் உவர் உட்புகுந்துவிடும். முற்றத்தை மூடுகின்றவர் தமது கிணற்றுக்கு வரும் ஊற்றையே மூடுகின்றார்.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்யவென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. சீமெந்து முற்றம் உடையோருக்கு விடுமுறை கிடைத்தது, மண் கிடைக்கவில்லை.

இதற்கு வழி என்ன? கண்டிப் பகுதியின் வீட்டுத்தோட்டங்களைப் பாருங்கள். தென்னையும் பலாவும் மேலே குடை பிடிக்கின்றன. கமுகிலே மிளகு படர்கின்றது. இடையிலே கோப்பியும் வாழையும், நிலத்தோடு இஞ்சியும் சேம்பும் வளர்கின்றன. காட்டைப் போன்ற இவ்வடுக்கு முறையை நமது வரண்ட நிலத்துக்கும் பொருத்தலாம். மேலே மாவும் முருங்கையும், இடையிலே தேசி, மாதுளை, கறிவேப்பிலை, வேலியிலே முசுட்டையும் தூதுவளையும், ஈரமான கிணற்றடியிலே வல்லாரையும் பொன்னாங்காணியும் வைக்கலாம்.

முற்றம் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. முதியோர் வழுக்காது நடக்கப் படலைக்கும் கிணற்றடிக்கும் பாதை விடுங்கள். ஆவணி மாதத்தில் ஒரு மூலையை மட்டும் அலவாங்கால் பெயர்த்து, சீமெந்துத் துண்டுகளை ஒன்றும் விடாது அகற்றுங்கள். அடியில் மண் கல்லாய் இறுகிக் கிடக்கும். அதனை ஆழக் கொத்தி, பூவரசங்குழையும் மாட்டெருவும் இட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி மழையோடு கன்றுகளை நடுங்கள். பெருமரங்களைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மா பயன்தரச் சில ஆண்டுகள் செல்லும். ஆகையால் முதலில் முருங்கைத் தடியையும் பப்பாசியையும் நாட்டுங்கள். ஏறக்குறைய ஓராண்டிலே அவை பலன் தரும். அது கண்ட பின், அடுத்த மூலையை உடைக்க மனம் தானே துணியும்.

உதிரும் சருகை எரிக்காதீர்கள். குப்பை சேர்ந்தால் பாம்பு வருமென்ற அச்சம் நியாயமானதே. பாதையோரத்தைத் துப்புரவாக வைத்து, சருகை மரத்தடியில் மட்டும் மெல்லிதாய்ப் பரப்புங்கள். அதுவே ஈரங் காக்கும், உக்கி உரமுமாகும்.

வரும் மாரியிலே நமது வளவில் விழும் மழை நமது வளவிலேயே தங்கட்டும். கிணறு நிறையும், அடுப்படிக்குக் கறியும் வரும்.