ஈரம் காட்டும் கட்டு



தகடூர் என்று பழந்தமிழ் நூல்கள் கூறும் ஊரே இன்றைய தருமபுரி. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி போரிலே புண்பட்டு நின்றபோது ஔவையார் அவனைப் பாடினார் என்று புறநானூற்றின் 93ஆம் பாட்டின் அடிக்குறிப்புச் சொல்லுகிறது. பாட்டு வீரத்தைப் பேசுகிறதே யன்றி, அந்தப் புண்ணை யார் கழுவினார், எதைக் கொண்டு கட்டினார், எத்தனை நாளில் அது ஆறிற்று என்பவற்றைப் பேசவில்லை. அதே நூலின் வேறு பாட்டுக்களில், வைத்த பஞ்சு இன்னும் எடுக்கப்படாத புண்ணோடு இருக்கும் வீரர்களைக் காண்கிறோம். புண்பட்டவன் கிடக்கும் வீட்டிலே வேப்பிலை செருகி, வெண்சிறு கடுகு தூவி, நறும்புகை எழுப்பிக் காவல் இருந்ததையும் காண்கிறோம். ஆகவே புண்ணுக்குக் கட்டுப் போடுவது நமக்குப் புதிதன்று. போட்ட கட்டை எப்போது அவிழ்ப்பது என்பதுதான் கேள்வி. அது இன்னும் முற்றும் தீராத கேள்வியாகவே இருந்து வருகிறது.

இதைத் தருமபுரி மாவட்டத்து மலையூர் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். சித்தேரி மலையாக இருக்கட்டும், அல்லது வத்தல்மலையாக இருக்கட்டும். உழவர் ஒருவர் மண்வெட்டியால் தம் காலில் வெட்டிக்கொள்கிறார். அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் கழுவி, மருந்திட்டுக் கட்டி, மூன்று நாள் கழித்து வரச் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வருகிறார். மஞ்சள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாள் அது. மடை திறக்க ஒரு கால்மணி நேரம் வாய்க்காலில் நின்றால் என்ன என்று நின்றுவிடுகிறார். அல்லது தண்ணீர்ப் பக்கமே போகவில்லை, இரவில் புண்ணிலிருந்து ஊறிய கசிவே கட்டின் அடிப்பக்கத்தை நனைத்துவிடுகிறது. கட்டு இருப்பது உள்ளங்காலில். அவர் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. போதாக் குறைக்கு அவருக்கு நீரிழிவு நோயும் உண்டென்றால், பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். ஈரமும் தெரியாது, வலியும் தெரியாது. மூன்றாம் நாள் அவர் மலையிறங்கும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கலாம். நீரிழிவுக்காரரின் காலில் சிறு புண்ணாகத் தொடங்கியது விரலையோ காலையோ எடுப்பதில் முடிந்த கதைகளை நம் மருத்துவமனைகள் நன்கு அறியும்.

‘அப்படியானால் நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்துவிட்டால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் கேடு உண்டு. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் மேல் புதுத்தோல் மெல்லிய ஏடுபோலப் படர்கிறது. காய்ந்து ஒட்டிய துணியை உரித்தால் அந்த ஏடும் சேர்ந்து வந்துவிடும். அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் புண் குளிர்கிறது. காற்றிலும் கையிலும் உள்ள கிருமிகளுக்கு வழி திறக்கிறது. கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வருமானமும் பேருந்துச் செலவும் வேறு. ஆகவே அவசியமில்லாதபோது அவிழ்க்கவும் கூடாது. அவசியமானபோது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அந்த அவசியத்தைக் கட்டே நமக்குக் காட்டிவிட்டால்?

அதற்கு முன் ஈரத்தில் என்ன குற்றம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கிருமிக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. உலர்ந்த சல்லாத்துணியும் பஞ்சும் பல மடிப்பாக இருக்கும்போது, காற்றில் வரும் தூசியும் அதில் ஏறிவரும் கிருமியும் இழைகளில் சிக்கி நின்றுவிடுகின்றன. துணி நனைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இழைகளுக்கு இடையே இருந்த காற்றெல்லாம் வெளியேறி, உள்ளிருந்து வெளிவரை தண்ணீரால் ஆன ஒரு தொடர்ச்சியான பாதை உண்டாகிவிடுகிறது. கிருமிகள் அந்தப் பாதையில் உட்புகலாம்; புண்ணிலுள்ளவை வெளியே வந்து படுக்கைக்கும் பிறர் கைக்கும் பரவலாம். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கோல்புரூக், ஹூட் என்னும் இருவர், நனைந்த கட்டுக்களின் ஊடாகத் தொற்றுப் புகுவதைச் சோதித்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். கட்டின் தடிமன் காவல் அன்று, அதன் உலர்ச்சியே காவல் என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆனால் இதை அவர்களுக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் கண்ணாலும் கையாலும் உணர்ந்திருந்தவர் ஒருவர் உண்டு. அவர் ஜோசப் லிஸ்டர். 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனையில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை வைத்து அவர் கட்டினார். அக்காலத்தில் அத்தகைய முறிவு என்றால் காலை எடுத்துவிடுவதே வழக்கம். நான்கு நாள் கழித்து அவிழ்த்தார், சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. இந்தக் கதையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். பாடத்தில் வராத ஒரு பகுதி உண்டு. எனக்கு அதுவே மிகவும் பிடித்த பகுதி.

பிற்காலத்தில் லிஸ்டர் கார்பாலிக் ஊட்டிய சல்லாத்துணியை எட்டு மடிப்பாக வைத்துக் கட்டலானார். ஏழாம் மடிப்புக்கும் எட்டாம் மடிப்புக்கும் நடுவே நீர் புகாத மெழுகுத்துணி போன்ற ஒரு தாளைச் செருகினார். ஏன் தெரியுமா? புண்ணின் கசிவு நேரே மேல்நோக்கி ஊறினால் குறுகிய தூரத்திலேயே வெளிப்புறத்தை எட்டிவிடும். தாள் தடுத்தால், அது பக்கவாட்டில் நெடுந்தூரம், கிருமிநாசினி ஊட்டிய துணியின் ஊடே ஊர்ந்து, ஓரத்தில்தான் தலைகாட்ட முடியும். ஆகவே மருத்துவர் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. ஓரத்தைப் பார்த்தால் போதும். ஓரத்தில் கறை தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டும். தெரியாத வரையில் தொட வேண்டா. ஈரத்தைத் தானே காட்டும் கட்டு என்று இன்று புதிதாகப் பேசுகிறோமே, அதன் பாட்டன் இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ஈரம் கெடுதி என்றால் புண்ணை வெயிலில் காட்டிக் காயவைப்பதே நல்லது என்று நினைப்பவர் இன்றும் பலர். 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டும், சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டால் மூடியும் பார்த்தார். மூடிய காயத்தில் ஈரம் தங்கியது. அங்கே புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காய்ந்த பொருக்கின் அடியிலோ, தோல் வழிதேடித் தயங்கித் தயங்கி வளர்ந்தது. ஆகவே புண் ஈரமாக இருக்கலாம், இருப்பதே நலம். கட்டின் வெளிமுகம் ஈரமாகக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும்.

வெளிமுகம் நனைந்ததை எப்படிக் காட்டுவது? மிக எளிய வழி ஒன்று நம் கொடியில் உலரும் வேட்டியிலேயே இருக்கிறது. உலர்ந்த வெள்ளை வேட்டி தன் அடியில் உள்ளதை மறைக்கிறது, நனைந்ததும் காட்டிவிடுகிறது. பருத்தி இழையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய ஒன்றரை, காற்றினுடையது ஒன்று. இந்த வேற்றுமையால் ஒவ்வோர் இழையின் எல்லையிலும் ஒளி சிதறுகிறது. சிதறிய ஒளியே வெண்மையாகத் தெரிகிறது. காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் அதன் எண் 1.33, வேற்றுமை குறைகிறது, சிதறல் குறைகிறது, துணி கண்ணாடித் தன்மை பெறுகிறது. ஒரு வெள்ளை ஏட்டின் கீழே சிவப்புக் கோடு ஒன்றை அச்சிட்டு வைத்தால், உலர்ந்த வரையில் கோடு மறைந்திருக்கும்; நனைந்ததும் தோன்றும். இதில் இரசாயனம் எதுவும் இல்லை, புண்ணில் கரைந்து இறங்கவும் ஒன்றும் இல்லை.

இரசாயன வழியும் உண்டு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கோபால்ட் குளோரைடு தாளைப் பார்த்திருப்பீர்கள். உலர்ந்தபோது நீலம், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. ஆனால் கோபால்ட் உப்பு உடலுக்கு நஞ்சு. புண்ணருகே அதற்கு இடமில்லை. கடைகளில் விற்கும் குழந்தைகளின் டயாபரில், நனைந்ததும் மஞ்சளிலிருந்து நீலமாகும் கோடு ஒன்று இருப்பதைத் தாய்மார் அறிவர். அத்தகைய சாயத்தை நீரில் கரையாதபடி ஒட்டி, கட்டின் வெளியடுக்கில் வைப்பது அரிதன்று.

நம் மாவட்டத்து மாணவர்களுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் மஞ்சள். அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் விளையும் அதே மஞ்சள்தான். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா? மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தில் சிவந்துவிடும். நலமான தோல் சற்றே அமிலத் தன்மை உடையது. நெடுநாள் ஆறாத புண்ணோ காரத்தின் பக்கம் சாய்கிறது. இந்த வேற்றுமையை மஞ்சளின் நிறப்பொருளாலும், சிவப்பு முட்டைக்கோசின் நிறப்பொருளாலும் காட்டும் கட்டுக்களை ஆராய்ச்சியாளர் பலர் செய்து பார்த்திருக்கின்றனர். இது நனைந்ததை மட்டும் காட்டுவதன்று. நனைத்தது எத்தகைய நீர் என்பதையும் ஓரளவு காட்டுவது. இதைக் கேட்டுவிட்டு யாரும் ஆரத்தியைப் புண்ணில் ஊற்றிவிட வேண்டா. சுண்ணாம்பு தசையை அரிக்கும். அடுப்பங்கரை மஞ்சள்தூள் கிருமி நீக்கியதன்று.

மூன்றாவது வழி மின்சாரம். லிஸ்டர் பணிபுரிந்த அதே கிளாஸ்கோ நகரில், ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தார், இரண்டு மெல்லிய மின்வாய்கள் கொண்ட ஓர் உணர்வியைக் கட்டினுள் வைத்து, கட்டைப் பிரிக்காமலே ஈரத்தை அளக்கும் முறையை உருவாக்கினார்கள். உலர்ந்த துணி மின்னோட்டத்தை எதிர்க்கும். உப்பு கலந்த கசிவு பட்டால் எதிர்ப்பு இறங்கும். வெளியே நீட்டிய முனையில் கருவியை மாட்டினால் ஈரத்தின் அளவு தெரிந்துவிடும்.

இவ்வளவும் கேட்டபின், ‘அப்படியானால் குறை ஒன்றும் இல்லையே’ என்று எண்ணிவிட வேண்டா. வியர்வையாலும் கட்டு நனையும். சித்திரை வெயிலில் நிறம் மாறிய கட்டெல்லாம் ஆபத்தைக் குறிக்குமானால், நோயாளி இரண்டு முறை ஏமாந்து, மூன்றாம் முறை அதை நம்பாமல் இருந்துவிடுவார். மேலும், நனைந்தது என்று சொல்லும் கட்டு, சீழ் பிடித்தது என்று சொல்வதில்லை. நனையாத கட்டின் அடியிலும் புண் கெடக்கூடும். காலில் சிவப்பு ஏறிப் பரவினாலும், காய்ச்சல் கண்டாலும், துர்நாற்றம் எழுந்தாலும் கட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். விலையும் ஒரு தடை. பஞ்சுபோன்ற நுரையால் செய்து, மேலே மெல்லிய ஏடு ஒட்டி வரும் புதுவகைக் கட்டுக்களில் கறை பரவுவது வெளியிலிருந்தே தெரியும். கறை ஓரத்தை நெருங்கும்போது மாற்றச் சொல்லுகிறார்கள், லிஸ்டர் சொன்னதுபோலவே. ஆனால் அப்படி ஒரு கட்டின் விலையில் சாதாரணச் சல்லாத்துணிக் கட்டுப் பல போடலாம். அந்தக் கணக்கைப் பார்க்காத அறிவியல் மலையூருக்கு ஏறாது.

உணர்ச்சியற்ற காலுக்குக் கண்ணைத் துணையாக்கும் எண்ணத்தில் நமக்கு நெருங்கிய ஒருவர் உழைத்திருக்கிறார். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே அழுகி விழுவதில்லை. வலி தெரியாமையால் ஏற்படும் காயங்களாலேயே தேய்ந்து போகின்றன என்பதை நிலைநாட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். பின்னர் அமெரிக்காவில் கார்வில் என்னும் இடத்தில் இருந்தபோது, சாயம் அடைத்த நுண்ணிய மெழுகுச் சிமிழ்கள் கொண்ட காலுறை ஒன்றைச் செய்து பார்த்தார். அதை அணிந்து நடந்தால், அழுத்தம் மிகுந்த இடத்தில் சிமிழ் உடைந்து நிறம் தோன்றும். புண் வரப்போகும் இடத்தைப் புண் வருமுன்பே கண் பார்த்துவிடும். அவர் காட்டியது அழுத்தத்தை. நாம் பேசுவது ஈரத்தை. இரண்டும், நரம்பு சொல்ல வேண்டியதை நிறத்தைக் கொண்டு சொல்லவைக்கும் முயற்சியே.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரியில், 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருகிறது. முன்பு இதே மாவட்டத்தின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. நீரிழிவுக்கு மாத்திரை கொண்டு வீடு தேடி வரும் பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஈரம் காட்டும் மலிவான கட்டு ஒன்று வந்தால், அதை முதலில் பார்த்துப் படிக்கவேண்டிய கண்கள் அவர்களுடையவை.

அது வரும்வரையில் செவிலியர் கையாளும் ஒரு பழைய உபாயம் உண்டு. அதற்கு ஒரு பேனா போதும். கட்டில் கறை தோன்றியதும் அதன் விளிம்பை ஒட்டி ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் மணியைக் குறிப்பார்கள். சில மணி கழித்துப் பார்க்கும்போது கறை கோட்டைத் தாண்டியிருக்கிறதா, எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ காலில் கட்டோடு இருந்தால், காலையும் மாலையும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டி வெளிமுகம் நனைந்திருந்தால், மூன்றாம் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அடுத்த பேருந்திலேயே அவரை அழைத்துக்கொண்டு மலையிறங்குங்கள்.