‘அனுமதி இலவசம்’ பலகைக்குப் பின்னால்

(சென்னையில் கவின்கலை மாணவர்கள் கூட்டிய கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னையின் ஓவியக் கண்காட்சிகளையும் சாதியையும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் ஓவியர் இல்லை. காட்சிப் பண்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அந்த வேலைக்காக நான்கு ஆண்டுகளாக இந்த நகரத்தின் கேலரிகளுக்குப் போய்வருகிறேன். ஓவியர்கள் தங்கள் பணியிடத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவைக்கும் ‘ஓபன் ஸ்டுடியோ’ நாட்களுக்கும் போகிறேன். அங்கே கண்டதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். கோயில் வாசலில் தடுத்ததுபோல் கேலரி வாசலில் யாரும் நம்மைத் தடுப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் ‘அனுமதி இலவசம்’ என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் “கலைக்கு ஏது சாதி?” என்று அவர்களால் எளிதாகக் கேட்க முடிகிறது. சாதி அந்த வாசலில் நிற்பதில்லை. உள்ளே போனவர்களில் யாருக்கு எந்த இடம் என்று பிரிக்கும் வேலையை அது செய்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பவர் நம்மவர். சட்டத்தைச் சுமந்துவந்து ஆணியில் மாட்டுபவர் நம்மவர். சட்டத்துக்குள் மெலிந்த தோளோடு, சுருங்கிய முகத்தோடு இருப்பவரும் நம்மவர்தான். எந்தப் படம் தொங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசையில் யார் இருக்கிறார்கள்? அங்கேதான் கேள்வி தொடங்குகிறது.

கிரீம்ஸ் சாலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். லலித் கலா அகாதமியின் மண்டல மையம் அங்கே இருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் இடம். காட்சிக்கூடமும் உண்டு, ஓவியம், சிற்பம், அச்சுக்கலை செய்வதற்குக் குறைந்த கட்டணத்தில் பணியிடமும் உண்டு. தனியார் கேலரியில் நுழைய முடியாத எத்தனையோ இளைஞர்களுக்கு அது அடைக்கலம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே சாலையை ஒட்டிக் கூவம் கரையில் திடீர் நகர் இருந்தது. கூவம் சீரமைப்பு என்ற பெயரில் 2017-இல் அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். 20 கிலோமீட்டருக்கு அப்பால். கண்காட்சிக்கு நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில் இருந்த பிள்ளைகள், இன்று பேருந்து மாறி மாறி வர வேண்டும். ‘அனுமதி இலவசம்’ என்ற பலகையில் பேருந்துக் கட்டணமும், விட்டுவந்த ஒருநாள் கூலியும் எழுதப்படுவதில்லை.

அப்படி வெளியேற்றப்பட்டவர்களைத் தேடிக் கலை போன கதையும் உண்டு. கண்ணகி நகரை எல்லோருக்கும் தெரியும். 2000-க்குப் பிறகு நகரத்தின் கரையோரங்களிலிருந்தும் சேரிகளிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பு. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் சென்னை மாநகராட்சியும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அந்தக் கட்டடச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரைய ஏற்பாடு செய்தன. சென்னையின் முதல் ‘ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்’ என்று செய்தி வந்தது.

வண்ணம் வந்ததில் அங்கே மகிழ்ந்தவர்கள் உண்டு. வேலை கேட்டுப் போகும்போது முகவரியை மறைக்க வேண்டியிருந்த ஊரைப் பார்க்க, கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள் என்றால் அது சிறு விஷயமில்லை. அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. நான் கேட்பது வேறு. அந்தச் சுவர்களில் வரைந்தவர்கள் பெயர் பெற்ற ஓவியர்கள். அந்த வேலை அவர்களுடைய கலை வாழ்க்கைக் குறிப்பில் ஏறும். சுவருக்குப் பின்னால் வாழ்கிறவர்களின் குறிப்பில் என்ன ஏறும்? வண்ணம் அடித்த அளவுக்கு அங்கே ஓவியம் கற்க ஒரு நிரந்தர அறை கட்டியிருந்தால், இன்று அந்தப் பிள்ளைகளில் சிலர் உங்கள் கல்லூரியில் உட்கார்ந்திருப்பார்கள். சுவரைக் கேட்டார்கள், கொடுத்தோம். தூரிகையை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. உங்கள் கல்லூரியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. கைத்தொழிலுக்குத்தான் அங்கே முதலிடம். மண்பாண்டம், செதுக்கு வேலை, உலோக வேலை. ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் காலத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டதும் அதே வளாகம்தான். பிறகு தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த காலத்தில் ‘நுண்கலை’ மேலே ஏறியது. கைத்தொழில் கீழே இறங்கியது. களிமண் அதேதான், கையும் அதேதான். ஒருவர் பிசைந்தால் கைவினை, இன்னொருவர் பிசைந்தால் சிற்பம் என்று ஆனது.

சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் விளக்கினார். கலை, கைவினை என்ற பிரிவினையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. குயவர் செய்த குதிரையின் அடியில் “தமிழ்நாடு, சுடுமண்” என்று எழுதியிருக்கும். பெயர் இருக்காது. காட்சிக்கூடத்து ஓவியத்தின் அடியில் பெயர், ஆண்டு, அளவு, விலை எல்லாம் இருக்கும்.

ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்டது. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் கல்லூரியின் காவலாளியும் ஒருவர் என்று கலை மாணவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். செய்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நின்றவரின் பெயரை இந்த அரங்கில் எத்தனை பேர் சொல்வீர்கள்?

சோழமண்டலத்தையும் சொல்ல வேண்டும். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் கிராமம் அமைத்தார்கள். அரசையும் பணக்காரர்களையும் நம்பாமல், பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்று அந்தப் பணத்தில் எழுப்பினார்கள். மரியாதைக்குரிய முயற்சி. அது நமக்கு ஒரு பாடமும் சொல்கிறது. மெட்ராஸ் நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டது கைவினை. நிலம் கையில் வந்ததும் கலை சுதந்திரமாக நடந்தது. ஓவியனுக்கு முதல் தேவை நிலம், இடம், கதவு உள்ள ஓர் அறை. நிலம் யாரிடம் இருக்கிறது என்பதை இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ஓபன் ஸ்டுடியோ விஷயத்துக்கு வருகிறேன். கேலரியின் இறுக்கத்தைத் தளர்த்தும் நல்ல வழக்கம் அது. ஓவியம் பாதியில் நிற்கும்போதே பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் திறந்துவைப்பதற்கு முதலில் ஒரு ஸ்டுடியோ வேண்டுமே? முதல் தலைமுறை மாணவர் ஒருவர் கிராமத்திலிருந்து வந்து கல்லூரியில் சேர்கிறார். ஐந்து ஆறு ஆண்டுகள் கல்லூரியின் கூடமே அவருக்கு ஸ்டுடியோ, கல்லூரியின் அச்சு இயந்திரமே அவருடைய இயந்திரம். இறுதித் தேர்வு முடிந்த மறுநாள் அந்தக் கூடம் பூட்டிக்கொள்கிறது. வாடகைக்கு அறை கேட்டால், “எந்த ஊர், என்ன ஆளுங்க?” என்கிறார் வீட்டுக்காரர். அதைத் தாண்டினால் டர்பன்டைன் வாடை, தரையில் கறை. பிறகு சினிமா கலைத்துறையில் தினக்கூலி, இல்லையென்றால் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது கொடுத்த சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நல்ல ஆயில் வண்ணம் ஒரு செட் வாங்கி, ஒரு பெரிய கேன்வாஸை இழுத்துக் கட்டினால் அதில் எவ்வளவு மிஞ்சும்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் ஓபன் ஸ்டுடியோவுக்கு, அச்சுக்கலை படித்த தம்பி ஒருவரைக் கூட்டிப்போனேன். வரவேற்றவர் என்னிடம் ஆங்கிலத்தில் நலம் கேட்டார். தம்பியிடம் திரும்பி, “ஃப்ரேம் கொண்டு வந்தியாப்பா? பின்னாடி வெச்சிடு” என்றார். சட்டம் சுமப்பது இழிவில்லை. அந்தத் தம்பி அந்த வேலையும் செய்திருக்கிறார். நிறத்தையும் சட்டையையும் பார்த்தே ஒருவருக்குப் பின்வாசலைக் காட்டிவிட முடிகிறது என்பதுதான் பிரச்சினை. அந்த மாலையில் க்யூரேட்டர்கள் இருந்தார்கள், வாங்குபவர்கள் இருந்தார்கள். அடுத்த கண்காட்சிக்கான பெயர்கள் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில்தான் முடிவாகின்றன. அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாதவருக்குத் திறமை இல்லை என்று பிற்பாடு சொல்வார்கள்.

சரி, நம்மை அழைக்கவே மாட்டார்களா? அழைப்பார்கள். ஏப்ரலில் அழைப்பார்கள். “உங்கள் வலியை வரையுங்கள்” என்பார்கள். இது நுட்பமான பூட்டு. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களைப் பார்க்கலாம். அதை யாரும் ஒரு சாதியின் கலை என்று சொல்லவில்லை; இந்திய நவீனத்துவம் என்று படித்தார்கள். அதே இடத்தில் ஒருவர் பறையின் வட்டத்தை வரைந்தால் உடனே அது ‘தலித் ஓவியம்’. அவர் வெறும் நீலத்தை மட்டும் பூசி, ஒரு விளக்கமும் தராமல் நின்றால் ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். அரூபமாக வரையும் உரிமையும் நமக்கு வேண்டும். காயத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்றால், அந்தக் கதவு நமக்கானது இல்லை.

இந்தப் பூட்டை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் கேமராவைத் தன் வீட்டுக்குள்ளேயே திருப்பினார். பாட்டி பொன்னுத்தாய் பள்ளி தொடங்கி நடத்திய குடும்பம் அது. அவருடைய படங்களில் இருப்பவர்கள் பரிதாபத்துக்கு நிற்கவில்லை. தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர் ஒருங்கிணைத்த ‘வேர்கள்’ புகைப்படக் காட்சி, நீலம் பண்பாட்டு மையத்தின் வானம் கலைத் திருவிழாவில் இடம்பெற்றது. மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து ஆவணப்படுத்திய பழனிக்குமார், இன்று தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். நேற்றுவரை படத்துக்குள் நின்ற பிள்ளையின் பெயர், இன்று படம் எடுத்தவர் என்ற இடத்தில் வருகிறது. நான் கேட்கும் மாற்றம் இதுதான்.

நமக்கென்று கலைக்கூடம் இருந்ததே இல்லை என்றும் நினைக்காதீர்கள். சேரி முகப்பில் நிற்கும் அம்பேத்கர் சிலை, தமிழ்நாட்டின் மிக முக்கியமான பொதுக்கலை. வீட்டுக்கு வீடு வசூலித்து, ஊரே கூடி வைத்த சிலைகள். கலை வரலாற்று நூல்கள் அவற்றை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் சாதி வெறியர்களுக்கு அவற்றின் ஆற்றல் நன்றாகத் தெரியும். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் சிலையை உடைத்தார்கள். எத்தனையோ ஊர்களில் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கேலரியில் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளை ‘விலைமதிப்பற்றது’ என்கிறோம். நம் தெருவில் கூண்டுக்குள் இருக்கும் சிலையை ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்கிறார்கள். அழகியல் என்று நாம் படிக்கும் பாடத்தை இந்தக் கூண்டின் முன் நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எனவே நம் கோரிக்கை ஏப்ரல் மாதத்தில் ஒரு சுவரோடு நிற்கக் கூடாது. நான் ஐந்தை முன்வைக்கிறேன்.

ஒன்று, பொதுப் பணத்தில் நடக்கும் காட்சிக்கூடங்களிலும் நுண்கலைக் குழுக்களிலும் தேர்வு செய்பவர்கள் யார் என்று வெளியிட வேண்டும். அதில் தலித், பழங்குடிக் கலைஞர்களுக்கு இடம் உறுதியாக வேண்டும்.

இரண்டு, படிப்பை முடிக்கும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் இலவசப் பணியிடம் வேண்டும். சென்னையில் மட்டுமல்ல, கும்பகோணத்திலும்.

மூன்று, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் துணைத்திட்ட நிதிக்கென்று தமிழ்நாட்டில் 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் நிரந்தரக் கலைப் பட்டறைகள் கட்டுங்கள். ஓபன் ஸ்டுடியோ நாட்களில் நகரம் அங்கே வரட்டும்.

நான்கு, அரசு நிறுவனங்கள் யாருடைய படைப்புகளை என்ன விலைக்கு வாங்குகின்றன என்ற பட்டியல் பொதுவில் வர வேண்டும். பாராட்டால் அரிசி வாங்க முடியாது.

ஐந்து, சுவரில் ஒட்டும் விளக்கக் குறிப்பு முதலில் தமிழில் இருக்கட்டும். அதில் மாதிரியாக நின்றவர், வார்த்துக் கொடுத்தவர், தூக்கி மாட்டியவர் பெயர்களும் வரட்டும். சினிமாவில் லைட்மேன் பெயர் போடுகிறார்கள். ஓவிய உலகத்துக்கு அதில் என்ன தயக்கம்?

இந்தக் கோரிக்கைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் வேலையை இந்த அறையிலிருந்தே தொடங்கலாம். தாள் கொண்டுவந்திருக்கிறேன். முதல் கையெழுத்து, இங்கே நாற்காலி போட்டு ஒலிபெருக்கி கட்டிய அண்ணன்களுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.