எட்டு கம்பியும் நானும்



நான் பத்தாவது வரை படித்தவள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள் செய்யும் பயிற்சிக்குப் போனேன். கேபிளுக்குள்ள எட்டு கம்பி, இரண்டிரண்டா முறுக்கி நாலு ஜோடி இருக்கும். கலர் வரிசையா ஆர்ஜே-45 கனெக்டரில் செருகி, கிரிம்பிங் டூலால் அழுத்தணும்.

முதல் வேலை ஒரு ஆபீசுக்கு 40 மீட்டர் கேபிள். டெஸ்டரில் 1 முதல் 8 வரை லைட் எரிந்தது. சந்தோஷமா கொடுத்தேன். மறுநாளே "நெட் விட்டு விட்டு வருது"னு திருப்பிட்டாங்க. பணமும் தரல. "உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு வீட்டில் பேச்சு.

பயிற்சி சார் பார்த்துட்டு சொன்னார்: பச்சை ஜோடியை நான் 3, 4-ல் செருகியிருந்தேன். அது 3, 6-ல் வரணும். நடுவில் நீல ஜோடி. இரண்டு முனையிலும் ஒரே தப்பு, அதனால் லைட் சரியா எரிந்தது. அந்த டெஸ்டர் கம்பி சேருதான்னுதான் பார்க்கும், ஜோடி மாறினதைச் சொல்லாது.

இரண்டு முனையும் வெட்டி புதுசா அடிச்சேன். நெட் நின்னு வந்தது, பணமும் வந்தது. இப்போ லைட் எரிந்தாலும் கலரை வாய்விட்டு சொல்லிப் பார்த்துதான் கொடுக்கிறேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்.

தப்பு வந்தா ஒதுங்காதீங்க, பிரிச்சுப் பாருங்க.