போர்வீரனின் சம்பளப் பாக்கி

இங்கிலாந்தில் 1642-ஆம் ஆண்டில் அரசர் முதலாம் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் மூண்ட உள்நாட்டுப் போரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். வென்றவர் யார், வீழ்ந்தவர் யார் என்பதை வரலாறு விரிவாகக் கூறுகிறது. ஆயின், அப்போரில் ஈட்டி ஏந்திய எளிய வீரனுக்கு உரிய கூலி கிடைத்ததா என்று நாம் கேட்பதில்லை. இன்று அதனைச் சிறிது ஆராய்வோம்.

பார்லிமெண்டு 1645-இல் அமைத்த புதுமுறைப் படையில் காலாள் வீரனுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் சம்பளம். குதிரை வீரனுக்கு 2 ஷில்லிங். இதற்கென 'கவுண்டி' எனப்படும் ஜில்லாதோறும் மாதவரி விதிக்கப்பட்டது. வரி வசூல் பெரும்பாலும் உள்ளூர்க் கமிட்டிகளின் கையில் இருந்தது. வரி வரவில்லையெனில் சம்பளமும் இல்லை. வயிறு காத்திருக்குமோ? வீரர்கள் குடிமக்களின் வீடுகளில் தங்கி உண்டு, விலைக்குப் பதிலாகச் சீட்டு எழுதிக் கொடுத்தனர். குடிமக்கள் நலிந்தனர், வரி மேலும் குறைந்தது. பாக்கியோ வளர்ந்தது.

1647 மார்ச்சு மாதத்தில் காலாட்படைக்கு 18 வாரச் சம்பளமும் குதிரைப்படைக்கு 43 வாரச் சம்பளமும் நிலுவையில் நின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் காலாள் வீரன் ஒருவனுக்கு 4 பவுன் 4 ஷில்லிங் சேர வேண்டும். பார்லிமெண்டு முதலில் 6 வாரச் சம்பளமும், பின்னர் 8 வாரச் சம்பளமும் தந்து அவர்களைக் கலைத்துவிட எண்ணியது. தம் தளபதி பேர்பாக்ஸ் வாயிலாக முறையிட வீரர்கள் மனு எழுதினர். அம்மனுவை விடாது நடத்துவோர் நாட்டின் பகைவராகக் கருதப்படுவர் என்று மார்ச்சு 30-ஆம் நாள் பார்லிமெண்டு அறிவித்தது! கூலி கேட்டவன் பகைவன் ஆனான். படைப்பிரிவுகள் தமக்கெனப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தன. வேறு சில படைகளிலோ, வீரர்கள் ஜில்லாக் கமிட்டியினரையே பிடித்து அடைத்து வைத்தனர்.

தனி வீரனின் வழி இன்னும் கடினமானது. எத்தனை நாள், யாரிடம் சேவை செய்தான் என்பதற்கு அதிகாரியின் சான்று வேண்டும். அவனது கணக்கைத் தணிக்கை செய்வோர், அவன் உண்ட உணவுக்கும் தங்கிய இடத்திற்கும் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வர். எஞ்சியதற்குக் கிடைப்பது பெரும்பாலும் பணமன்று, கடன் பத்திரம். 1649-இல் அரச நிலங்கள் விற்பனைக்கு வந்தபோது அப்பத்திரங்கள் விலையாக ஏற்கப்பட்டன. ஆனால் நான்கைந்து பவுன் பத்திரத்தைக் கொண்டு ஏழை வீரன் எந்த நிலத்தை வாங்குவான்? அன்றாடத் தேவைக்காகப் பலர் அதனைக் குறைந்த விலைக்கு விற்றனர்; வாங்கியோருள் அவர்தம் அதிகாரிகளே பலர். நிலம் அவர்களிடம் சேர்ந்தது.

அவ்வீரர்கள் வேண்டியது பரிசன்று. உழைத்த நாட்களுக்கான கூலி. கொடுத்த வாக்கை அரசு காலங்கடத்தினால், அதன் இழப்பு முதலில் விழுவது காத்திருக்க வசதியற்றவன் தலையிலேயே. இவ்வுண்மையை அவர்தம் கதையினின்று நாம் அறிந்துகொள்கிறோம்.