வீரிய ஒட்டு நெல்லை ஏன் விதைக்கு எடுத்து வைக்கக் கூடாது?

செம்பரம்பாக்கம், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கிட்டே ஊரில் நெல்லும் நடுபவரா நீங்கள்? இது உங்களுக்குத்தான்.

கோ ஆர்எச் 3, கோ ஆர்எச் 4 ஆகிய வீரிய ஒட்டு நெல் ரகங்களைத் தந்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நெல், தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் பயிர். அதனால் ஒட்டு விதை எடுக்க, மகரந்தம் மலடான தாய்ப்பயிர் வேண்டும். 1970-ல் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த ஒரு காட்டு நெல்தான் அதற்கு வழி திறந்தது.

சரி, மலட்டுத் தாயின் விதையை நட்டால் பதர்தானே வரணும்? வராது. தந்தைப் பயிரிலிருந்து வரும் ஆர்எஃப்3, ஆர்எஃப்4 போன்ற மரபணுக்கள் மலட்டுத்தன்மையை நீக்கி மணி பிடிக்க வைக்கின்றன.

ஆனா, அறுத்த நெல்லையே அடுத்த பட்டத்துக்கு விதைத்தால் அந்த மரபணுக்கள் பிரிந்துவிடும். அவை கிடைக்காத பயிரில் பதர்தான் மிஞ்சும். மற்ற பயிரும் ஒரே சீராக வளராது. பாடுபட்ட பலன் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதை வாங்குங்க. மூட்டையில் உள்ள அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமா வைங்க. விதை இருப்பை உழவன் செயலியில் பார்க்கலாம். சொந்த விதைதான் வேணும்னா, ஒட்டு அல்லாத ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.