மண்ணுக்கேற்ற செடி

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நீரிழிவைப் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் அக்கா என்னைக் கேட்டிருந்தார். நேற்று மாலைத் தேநீரின்போது லட்டுத் தட்டு எவ்வளவு வேகமாகக் காலியானது என்பதைப் பார்த்த பிறகு, அந்தத் தலைப்பு இங்கே எடுபடாது என்று தெரிந்துகொண்டேன். ஆகவே செடிகளைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நூற்றாண்டு நினைவாக விடுதிக்குப் பின்னாலுள்ள சரிவில் மரம் நடச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. என்ன மரம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

நான் கனடாவில், டொரொன்டோவுக்கு அருகே குடியிருக்கிறேன். முதல் வீடு வாங்கிய வருடம் கறிவேப்பிலை, முருங்கை, செம்பரத்தை மூன்றையும் ஆசையாசையாகத் தரையில் நட்டேன். கோடையில் நன்றாகத்தான் வந்தன. இலையுதிர்காலத்தின் ஓர் இரவில் உறைபனி விழுந்தது. காலையில் மூன்றும் வெந்த கீரைபோலக் கறுத்துக் கிடந்தன. வேலியருகே நின்ற பக்கத்து வீட்டு மூதாட்டி, "இவற்றைத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் வளர்த்துக்கொள். தரையில் இந்த நாட்டுச் செடியை நடு" என்று சொல்லிச் சில கன்றுகளைத் தந்தார். மில்க்வீட், நியூ இங்கிலாந்து ஆஸ்டர்.

அந்தச் செடிகள் மைனஸ் 30 பாகைக் குளிரையும் தாங்குகின்றன. எப்படித் தாங்குகின்றன என்று ஒரு வைத்தியராக எனக்கு அறிய ஆவல். தண்டும் இலையும் காய்ந்து போகும். வேர் மட்டும் சேமித்த உணவோடு பனிக்கு அடியில் உறங்கும். அவற்றின் விதைகளில் பல, குளிரைக் கண்ட பிறகே முளைக்கும். இலையுதிர்காலத்து இளவெயிலை நம்பி முளைத்துவிட்டால் அடுத்த மாதமே சாகவேண்டி வரும் அல்லவா? ஆகவே கனடாவில் இருக்கும் நம் சகோதரிகள் மில்க்வீட் விதையை நவம்பரில் வெளியே தூவிவிடுங்கள். அல்லது ஈர மணலில் கலந்து 30 முதல் 60 நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பிறகு விதையுங்கள்.

மில்க்வீட் நம் எருக்கின் குடும்பம். அதே வெள்ளைப் பால். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இதை மட்டுமே தின்னும். அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அது பூச்சியின் உடம்பில் தங்குவதால் பறவைகள் அதைத் தவிர்க்கும். அந்தப் பூச்சி பிறகு மெக்சிகோ மலைகள் வரை பறந்து போகிறது. இங்கே எருக்கில் முட்டையிடும் ஒரு வண்ணத்துப்பூச்சி, மொனார்க்குக்கு நெருங்கிய உறவு. என் முற்றத்தில் முதல் புழுவைக் கண்ட அன்று அப்பாயியின் நினைவு வந்தது. "எருக்குப் பால் கண்ணில் படும், தொடாதே" என்று எத்தனை தடவை அதட்டியிருப்பார்!

இனி நம் மலைக்கு வருகிறேன். பண்டாரவளை தாண்டி வரும்போது சரிவுகளில் பைன் மரங்களைப் பார்த்தேன். நாம் டர்பன்டைன் என்போமே, அதுதான். கரிபியன் தீவுகளுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் உரிய அந்த மரத்தை, 1970களிலும் 80களிலும் பத்தனைப் புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டார்கள். சொந்த மண்ணில் அது ஒரு காட்டின் பகுதி. இங்கே அதன் கீழே ஊசியிலை மெத்தைபோல் விழுந்து கிடக்கிறது. வேறு செடி எளிதில் எழும்புவதில்லை. வெயில் காலத்தில் அந்த மெத்தைதான் தீப்பிடிக்கிறது. ஊற்று வற்றிப்போனதென்ற முறைப்பாட்டையும் ஊரார் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் வந்த செடியெல்லாம் கெடுதி என்று சொல்லமாட்டேன். அப்பாயி லயத்து வாசலில் வளர்த்த டேலியா மெக்சிகோ மலைப்பூ. ரோட்டோரக் காட்டுச் சூரியகாந்தியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே. அதன் தழை தேயிலைக்கு உரமாகிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிய மண்ணைத் தேற்றுவதற்கு குவாத்தமாலாப் புல் போடுகிறார்கள். தேயிலையே வெளியிலிருந்து வந்ததுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. "இந்த நாட்டுக்கு உரியதா, இல்லையா?" என்ற கேள்வி நம்மில் பலருக்கு வலிக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேத்திகள் நாம். அப்பாயி தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில்கூடப் பெட்டிச் சாவி இடுப்பில்தான் இருக்கும். ஒரு செடியைப் பற்றி அப்படிக் கேட்கும்போது, அதை உண்ணும் பூச்சி இங்கே உண்டா, இங்குள்ள மழைக்கும் வெயிலுக்கும் அது பொருந்துமா என்பதையே கேட்கிறோம். மனிதரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

வந்த மரம் சொந்த மரத்துக்கு நிழல் கொடுத்ததும் உண்டு. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் பைன் வரிசைகள் சிலவற்றை நீக்கி, அந்த இடைவெளியில் நாட்டு மரக்கன்றுகளை ஆய்வாளர்கள் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே விடுதிக்கு மேலே நிற்கும் பழைய சைப்ரஸை வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

சரிவில் என்ன நடலாம்? கனடாவில் செடி தாங்கவேண்டியது பனி. ஊவாவில் தாங்கவேண்டியது கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான வறட்சியும், புல்வெளித் தீயும். நம் உலர் பத்தனை மரங்களுக்கு அது பழக்கம். நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை ஆகியவற்றின் தடித்த பட்டை தீயைத் தாங்கும். மேலே கருகினாலும் துளிர்க்கும். முதல் மூன்றும் திரிபலா. சிங்களச் சகோதரிகளுக்கு நெல்லி, அரலு, புலு. ஓடையருகே மருது நடலாம். அப்புத்தளை, ஒஹிய பக்கத்தில் குளிர் அதிகம். அங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் சிவப்புப் பூப் பூக்கும் ரொடோடென்ட்ரனை முயன்று பாருங்கள். ஆனால் ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து ஒரு கன்றையும் பிடுங்கி வராதீர்கள். கன்று வாங்க நாற்றுமேடைக்குப் போங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மீது மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. நோய் முற்றிய பிறகு கஷாயம் மட்டும் போதாது. அதுபோல, வெடிப்பு விட்ட சரிவை மரக்கன்று தாங்கிப் பிடிக்காது. வெளியேறச் சொன்னால் வெளியேறத்தான் வேண்டும். நம் விடுதிச் சரிவையும் முதலில் உரியவர்களிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு, பிறகே குழி வெட்டுவோம்.

அக்டோபர் மழையோடு நடுவோம். ஒவ்வொரு வகுப்பு அணியும் ஒரு மரம் என்று எடுத்துக்கொள்ளலாம். படம் எடுப்பதற்கு எல்லோரும் வருவோம். முதல் இரண்டு கச்சான் காலத்துக்கும் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்பதை இன்றே எழுதிவைத்துவிடுவோம். விடுதிப் பிள்ளைகளின் தலையில் மட்டும் அதைக் கட்டிவிட வேண்டாம். ஊற்றுபவருக்குச் சம்பளம் கொடுப்போம். முதல் வருடத்துக்கான பணத்தை நான் தருகிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள், நீங்கள் வாழும் ஊருக்குரிய செடி ஒன்றைக் கேட்டறிந்து வாசலில் நடுங்கள். கறிவேப்பிலைத் தொட்டி சமையலறை யன்னலில் இருக்கட்டும். என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன.